ருக்குவின் ஃபைல் – அத்தியாயம் 9: மூன்றாம் பக்கம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் பதினோரு நாளாக ஒரு படிவம் தொங்குகிறது. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய படிவம். நோயாளியின் கையொப்பம் என்ற இடம் காலி. அதற்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில் மட்டும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

நடக்காத ஒன்றுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் டெல்லி மயூர் விஹாரில் நானாகத்தான் இருப்பேன். முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்காரில் இருந்தவனுக்குக் கோடு போட்ட இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

புதிதாக வருகிறவர்களுக்காக இதுவரை நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். சுருக்கிச் சொல்வதில் இந்த வேதாந்தத்துக்கு, நான் வேலை பார்த்த சாஸ்திரி பவனில் ஒரு பெயரே உண்டு. அந்தப் பெயர் இன்றைக்கு என்னை என்ன பாடு படுத்தியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

என் மனைவி ருக்குவுக்கு வயது அறுபத்து மூன்று. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனக்கவலை என்றார்கள். பதினாலு மாதம் கவலைக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ருக்கு, "காதுல இரையறது, இடது காது சரியா கேக்கலை" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் ஃபைலைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டினார்கள்.

போன அக்டோபரில், புதிதாக வந்த ஒரு பெண் டாக்டர் ஃபைலை மூடி வைத்துவிட்டு ருக்குவைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். இடது காது நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்கிறது. அந்தக் காது போனது போனதுதான். இன்னும் விட்டால் முகத்து நரம்பையும் பிடிக்கும். வியாழக்கிழமை ஆபரேஷன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை.

ருக்கு கையெழுத்துப் போடாததற்குக் காரணம் பயம் இல்லை. அவள் சொல்வது ஒன்றுதான்.

"நான் காது காதுன்னு கத்தினேன். அவா எழுதலை. இல்லேன்னா எழுதினதை எடுத்துட்டா. அதே ஆஸ்பத்திரி, அதே ஃபைல். மொதல் பக்கம் பொய்யா இருக்கற ஃபைல்ல கடைசிப் பக்கம் மட்டும் எப்படி நெஜமா இருக்கும்? அன்னிக்கு என்ன எழுதினான்னு காட்டட்டும். அப்பறம் கையெழுத்து."

அதற்காக நான் மூன்று மாதமாக ஆஸ்பத்திரியின் ரெகார்ட் ரூமுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மனு, நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு, நினைவூட்டல் மூன்று. மூன்றாவதில் 'மிகுந்த வேதனையுடன்' என்று எழுதினேன். சர்க்கார் பாஷையில் அது கெட்ட வார்த்தைக்குச் சமம்.

இன்று காலை எட்டு மணிக்கு ஃபோனில் செய்தி வந்தது. நகல் தயார்.

*

"அப்பா, ஸீரியஸ்லி, இன்னிக்கு முடியணும்," என்றாள் ஸ்வப்னா. எங்கள் ஒரே பெண். நொய்டாவில் இருக்கிறாள். அம்மாவிடம் கையெழுத்து வாங்க என்று ஞாயிற்றுக்கிழமையே மடிக்கணினியோடு வந்துவிட்டாள். "வியாழக்கிழமை விட்டா அடுத்த டேட் மார்ச்சு. டாக்டர் க்ளியரா சொல்லியாச்சு, வெயிட் பண்ணக் கூடாதுன்னு."

"போயிண்டே இருக்கேன்."

"நானும் வரேன். அங்க ஒரு நல்ல லடாயி போட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"வேண்டாம்மா. நீ ஹிந்தியில சண்டை போட்டா பயந்துபோய் ஃபைலையே தொலைச்சுடுவா."

சமையலறையிலிருந்து ருக்கு வந்தாள். காபி டம்ளரை என் முன்னால் வைத்தாள். இப்போதெல்லாம் நடக்கும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வருகிறாள், சுவருக்குத் தைரியம் சொல்வதுபோல.

"எல்லாப் பக்கமும் வாங்கிண்டு வாங்கோ," என்றாள். "ஒண்ணு விடாம."

"சரி."

செருப்பு மாட்டிக்கொள்ளும்போது பால்கனி வழியாகப் பார்த்தேன். வெளியே வெள்ளையாக மூடுபனி. எதிர் பிளாக்கே இல்லை. பழக்க தோஷத்தில் ருக்குவின் இடது பக்கம் போய் நின்றேன்.

"இந்தப் பனியில நான் வேற யார் ஆத்துக்காவது திரும்பிப் போயிட்டா, அடையாளம் சொல்லி வாங்கிண்டு வந்துடு. வேஷ்டி நனைஞ்சிருந்தா தள்ளுபடி கேளு."

ஒன்று, இரண்டு, மூன்று.

ருக்கு ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் நான் விழவில்லை.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் கரோல் பாகில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கட்டிலுக்கு வலதுபுறம் சுவர். ஆக, ருக்குவுக்கு வலதுபுறம் சுவர், இடதுபுறம் நான். அந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. பஸ்ஸில், கோயிலில், காய்கறி வாங்கப் போகும் வழியில், முப்பத்தேழு வருஷம் நான் அவளுக்கு இடதுபுறம்.

நான் ஒரு ஜோக் சொன்னால் முதலில், "சும்மா இருங்கோ" என்பாள். அப்புறம் மூன்று எண்ணுவதற்குள் சிரிப்பு வரும், மூக்கால். சத்தம் அதிகம் இருக்காது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் கேட்கும். அந்த மூன்று எண்ணிக்கைக்காகத்தான் நான் ஆயுசு முழுக்க ஜோக் சொன்னேன். மற்றபடி எனக்கு நகைச்சுவை உணர்ச்சி இருப்பதாக ஆபீசில் யாரும் சொன்னதில்லை.

இப்போதும் சொல்கிறேன். எண்ணுகிறேன். ஒருநாள் இருபது வரைக்கும் எண்ணிப் பார்த்தேன்.

வலது பக்கம் போய்ச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். "என்ன?" என்று முழுசாகத் திரும்பி, நெற்றியைச் சுருக்கி, ஏதோ முக்கியமான விஷயம் என்று கவனமாகக் கேட்கிறாள். கவனமாகக் கேட்டால் என் ஜோக்குகள் தாங்காது.

*

ரெகார்ட் ரூம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. பக்கத்தில் சலவைக் கிடங்கு. அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு ஏனோ சொந்த ஊருக்கு வந்தமாதிரி இருந்தது. கூரை வரைக்கும் அடுக்கிய ஃபைல்கள். பழைய காகித வாசனை. மேஜையில் ஹீட்டர். ஹீட்டருக்குப் பக்கத்தில் அர்விந்த்.

அர்விந்த்தான் என் நினைவூட்டல்களை எல்லாம் பெற்றுக்கொண்ட குமாஸ்தா. நாற்பது வயது இருக்கும். நல்ல மனுஷன். என் மூன்றாவது நினைவூட்டலைப் படித்துவிட்டு, "அங்கிள்ஜி, இவ்வளவு அழகாக யாரும் எங்களைத் திட்டியதில்லை" என்று ஹிந்தியில் சொன்னவன்.

"வாங்க அங்கிள்ஜி. ஆன்ட்டிஜி எப்படி இருக்காங்க?"

"உன் கையிலதான் இருக்கு அவங்க உடம்பு," என்றேன் என் கரோல் பாக் ஹிந்தியில்.

ஒரு பழுப்பு உறையைத் தந்தான். உள்ளே முதல் தடவை போன அன்றிலிருந்து உள்ள பதிவுகளின் நகல். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் 1/7, 2/7 என்று எண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப் பக்க எண் போடுகிறவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

பக்கம் ஒன்று: பெயர், வயது, முகவரி. பக்கம் இரண்டு: டாக்டரின் கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இரண்டு வரி. முதல் வரி புரிந்தது. 'நோயின் விவரம்: இணைக்கப்பட்ட குறிப்பில் உள்ளபடி.' இரண்டாவது வரி: 'மனக்கவலை?' கேள்விக்குறியோடு.

அவ்வளவுதான்.

அவசரமாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அவற்றில் அந்தக் கேள்விக்குறி காணாமல் போயிருந்தது. முதல் ஆள் சந்தேகமாக எழுதியதை அடுத்த ஆள் நிச்சயமாக எழுதியிருக்கிறான். ஃபைலில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன!

எனக்கு ரத்தம் கொதித்தது. இணைக்கப்பட்ட குறிப்பா? யார் இணைத்த குறிப்பு? எந்த அயோக்கியன் எழுதின குறிப்பு?

மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பி வந்தேன்.

டைப் செய்த ஒரு பக்கம். மேலே நடுவில், அடிக்கோடிட்டு: 'பொருள்: திருமதி ருக்மிணி வேதாந்தம் – தலைசுற்றல் – தொடர்பாக.' இரண்டு பக்கமும் ஒன்றேகால் அங்குல மார்ஜின். பாராக்களுக்கு எண். கடைசியில் 'தங்கள் கனிவான பார்வைக்கு.'

உலகத்தில் தன் மனைவியின் தலைசுற்றலுக்கு 'தொடர்பாக' போடுகிறவன் ஒருத்தன்தான் இருக்க முடியும்.

நின்றவாறே படித்தேன். பாரா ஒன்று, தலைசுற்றல் எப்போதிலிருந்து. பாரா இரண்டு, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. பாரா மூன்று, மகள் நொய்டாவுக்குத் தனிக்குடித்தனம் போனதிலிருந்து தூக்கம் குறைவு. நோயாளி தேவைக்கு மேல் கவலைப்படும் சுபாவம் உள்ளவர் என்று கருதப்படுகிறது. பாரா நான்கு, மேற்கண்ட சூழ்நிலையில் தகுந்த சிகிச்சைக்கு வேண்டப்படுகிறது.

காது இல்லை. தேடினேன். முன்னும் பின்னும் திருப்பினேன். இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறந்திருந்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்; எனக்கே நம்பிக்கை இல்லை. என் முதல் பிரதியில் பாரா ஐந்து இருந்தது. காது இரைச்சல் பற்றி. ஆனால் குறிப்பு இரண்டாம் பக்கத்துக்கு மூன்று வரி போயிற்று. எங்கள் செக்‌ஷனில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விதி அது: மேலதிகாரி இரண்டாவது பக்கத்தைத் திருப்ப மாட்டார். 'வேதாந்தம் நோட் ஒரு பக்கம் தாண்டாது' என்று மூன்று ஜாயின்ட் செக்ரட்டரிகள் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அறுபது வயசுக்கு மேல் யாருக்குத்தான் காது இரையவில்லை என்று நினைத்து, அந்தப் பாராவை எடுத்தேன். பக்கம் அழகாக உட்கார்ந்தது.

அன்றைக்கு டாக்டர் ரூமில் ருக்கு, "கான் மே..." என்று, காதில் என்பதை ஹிந்தியில் ஆரம்பித்தாள். அந்த இளம் டாக்டர் என் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் எல்லாம் இருக்கிறது மாதாஜி. வெரி குட், சார்" என்றார். 'வெரி குட்' எனக்கு. நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததுகூட இப்போது ஞாபகம் வருகிறது.

"அந்த நோட் ரொம்ப அச்சா இருக்கு அங்கிள்ஜி," என்றான் அர்விந்த், ஹீட்டரில் கையைக் காட்டியபடி. "எல்லாப் பேஷண்டும் இப்படிக் கொண்டுவந்தா எங்க வேலை எவ்வளவு சுலபம்! யார் எழுதினது?"

"ஒரு ரிட்டயர்டு ஆசாமி," என்றேன்.

*

மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யமுனை மேல் வண்டி போகும்போது மூடுபனி கலைந்து வெயில் வந்தது. அந்த வெயிலில் நான் ஒரு காரியம் செய்தேன். உறையிலிருந்து மூன்றாம் பக்கத்தை உருவி, நாலாக மடித்து, ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில் வைத்தேன்.

முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்ததில்லை. மந்திரியின் உதவியாளர் சொல்லியும் எடுத்ததில்லை.

என் கணக்கு இதுதான். ருக்கு இரண்டாம் பக்கத்தைப் பார்ப்பாள். 'காது' இல்லை என்று தெரியும். அவள் சந்தேகப்பட்டது சரி என்று ஆகும். ஆஸ்பத்திரி மேல் ஒரு பாட்டம் கோபப்படுவாள். கையெழுத்துப் போடுவாள். வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கும். அவள் முகம் கோணாமல் இருக்கும்.

மூன்றாம் பக்கத்தைப் பார்த்தால்? அவளுக்கு ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை வரலாம். என் மேல் போய்விடும். முப்பத்தேழு வருஷம் இடது பக்கம் இருந்தவன், அந்தப் பக்கத்து விஷயத்தையே மூன்று வரி மிச்சம் பிடிக்க வெட்டினான் என்று தெரிந்தால், எந்தப் பக்கம் போய் உட்காருவேன்?

சட்டைப் பையில் இருந்த காகிதம் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது. அர்விந்த் உயர்ந்த ரகக் காகிதத்தில் நகல் எடுத்திருந்தான்.

*

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் பூங்காவில் ஜனவரி மத்தியானம் ஒரு திருவிழா. வெயில் வந்துவிட்டால் மூன்று பிளாக் ஜனமும் கீழே இறங்கிவிடும். பஞ்சாபி அம்மாக்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். நாங்கள் ஆரஞ்சு உரிப்போம்.

ருக்கு பெஞ்சில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் முறம், காலடியில் தோல். ஸ்வப்னா கொஞ்சம் தள்ளி, புல்லில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். வெயில் எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது.

நான் போய் ருக்குவின் இடது பக்கம் உட்கார்ந்தேன். அவள் திரும்பவில்லை. வந்தது தெரியவில்லை போலிருக்கிறது.

தைரியசாலி எவனாக இருந்தாலும் வலது பக்கம் போயிருப்பான்.

"ருக்கு," என்றேன், அந்தக் கேட்காத காதுக்கு. "நான்தான் எழுதினேன். டாக்டர் இல்லை. காதுன்னு ஒரு பாரா இருந்தது. மூணு வரி ஜாஸ்தியாப் போச்சு. நான் எடுத்துட்டேன். நீ எத்தனை தடவை சொன்னே! சாப்பிடறச்சே சொன்னே. தூங்கறச்சே சொன்னே. ஃபிரீயா நாதஸ்வரம் கேட்டுண்டிருக்கேன்னு நான் கேலி பண்ணினேன். நீ சிரிச்சே. சிரிச்சதால பெரிய விஷயம் இல்லைன்னு நெனைச்சுட்டேன். இப்போ இந்தக் காதுகிட்ட வந்து சொல்றேன் பார், என்னைமாதிரி ஒரு கோழை உண்டா? எனக்கு அந்தச் சிரிப்பு வேணும் ருக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் ஒரு பட்டாணியைப் பிரித்தாள். உள்ளே இருந்த ஆறு மணிகளும் முறத்தில் விழுந்தன.

"வந்தாச்சா?" என்றாள், திரும்பாமல். "கொண்டாங்கோ."

உறையைக் கொடுத்தேன். முறத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நான் எதிர்பார்த்ததுபோல இரண்டாம் பக்கத்தைத் தேடவில்லை. கட்டை விரலால் வலது மூலைகளை மட்டும் சரசரவென்று தள்ளினாள்.

ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

"மூணு எங்கே?"

"என்னது?"

"ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. மூணு எங்கே?"

நான் ஒரு மடையன். கரோல் பாக் நாட்களில் சனிக்கிழமை ஃபைல்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். ருக்குதான் பென்சிலால் பக்க எண் போடுவாள். 'ஒரு நம்பர் விட்டுப்போனா யாரோ எதையோ ஒளிக்கறான்னு அர்த்தம்' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த ஆள் மெட்ரோவில் ஒரு பக்கத்தை உருவிப் பையில் போட்டிருக்கிறான்.

"பார்த்தேளா, எடுத்துட்டா!" ருக்குவின் குரல் உயர்ந்தது. "நான் சொன்னேனோல்லியோ? அந்தப் பக்கத்துலதான் இருக்கு. ஸ்வப்னா! இங்க வாடி!"

ஸ்வப்னா ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னம்மா? பேஜ் மிஸ்ஸிங்கா? பக்கா ஃபிராடு. நான் கம்ப்ளெயின்ட் டைப் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன். ஏழு பாயிண்ட். இப்பவே அனுப்பறேன்."

அர்விந்த்தின் முகம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒழுங்காக எண் போட்ட மனுஷன். அவன் வேலைக்கு வேட்டு வைப்பது என் பரம்பரையில் இல்லை.

"அனுப்பாதே," என்றேன். ஸ்வெட்டருக்குள் கையை விட்டேன்.

நாலாக மடித்த காகிதத்தை ருக்கு பிரித்தாள். படிக்க வெகு நேரம் ஆனது. அவள் ஆங்கிலம் படிப்பது மெதுவாக இருக்கும்; ஆனால் ஒரு வார்த்தை விட மாட்டாள்.

"இது உங்க மார்ஜின்," என்றாள்.

"ஆமாம்."

"'இட் ஈஸ் ஃபெல்ட்' னு போட்டிருக்கு. நான் ஜாஸ்தி கவலைப்படறவள்னு கருதப்படுகிறது. யார் கருதினா?"

"ஆபீஸ்ல அப்படித்தான்..."

"யார் கருதினான்னு கேட்டேன்."

"நான்."

"காது எங்கே?"

"அஞ்சாவது பாரா. ஒரு பக்கத்துக்குள்ள அடங்கலை."

பக்கத்து பெஞ்சில் யாரோ ஆரஞ்சுத் தோலைப் பிய்த்தார்கள். அந்த வாசனை எங்களுக்கு நடுவில் வந்து நின்றது.

ஸ்வப்னா காகிதத்தை வாங்கிப் படித்தாள். "அப்பா... நீயா?" என்றாள். என் பெண்ணின் கோபம் எனக்குப் பழக்கம். இது கோபமாக இல்லை. அதனால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உன் கம்ப்ளெயின்ட்டில எட்டாவது பாயிண்டா என்னைப் போட்டுக்கோ," என்றேன்.

"ஜோக் அடிக்காதே அப்பா. ப்ளீஸ்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்த டாக்டர் கேட்டிருக்கலாமே! பேஷண்ட் எதிர்லயே உட்கார்ந்திருக்கா."

"கேட்டிருக்கலாம்," என்றாள் ருக்கு. "இவரும் கேட்டிருக்கலாம். ரெண்டு பேருக்கும் பேப்பர் போறும்."

அவள் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து காய்களை உரித்தாள். நான் எழுந்து போகலாமா என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

"என் இடது பக்கம் உட்கார்ந்துண்டு என்ன சொன்னேள்?" என்றாள் திடீரென்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேட்டுதா?"

"எங்கேர்ந்து கேக்கறது?" முகவாயால் புல்லைக் காட்டினாள். வெயில் பின்னாலிருந்து அடித்ததால் எங்கள் இரண்டு பேர் நிழலும் முன்னால் விழுந்திருந்தது. "உங்க நெழல் கையைக் கையை ஆட்டித்து. இவ்வளவு நேரம் கையை ஆட்டினா அது ஜோக் இல்லைன்னு தெரியாதா எனக்கு? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கோ."

எழுந்தேன். அவள் முட்டியைச் சுற்றிக்கொண்டு, பட்டாணித் தோலை மிதித்துக்கொண்டு, வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. முப்பத்தேழு வருஷமாக அது இருப்பது தெரியும். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

முழுக்கச் சொன்னேன். ஒரு வரி விடாமல். சிரிப்பு வேண்டும் என்ற கடைசி வரியை மட்டும் பெண் எதிரில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதையும் சொன்னேன்.

ருக்கு எழுந்தாள். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று, தள்ளாட்டம் நின்றபின், "மாடிக்குப் போலாம்," என்றாள்.

*

சாயங்காலம் ஐந்து மணிக்கே டெல்லியில் குளிர் இறங்கிவிட்டது. ருக்கு ஸ்வப்னாவின் பழைய மேஜையில் உட்கார்ந்தாள். அக்டோபரிலிருந்து அந்த அறையில்தான் தனியாகப் படுத்துக்கொள்கிறாள். என் குறட்டை வலது காதுக்குக் கேட்கிறது என்று காரணம் சொன்னாள். நான் குறட்டை விடுவதை நிறுத்த முயன்று பதினெட்டு நாள் தூங்காமல் இருந்தது எட்டாம் அத்தியாயத்தில் வந்துவிட்டது.

"வெள்ளைப் பேப்பர் கொண்டாங்கோ," என்றாள்.

கொடுத்தேன்.

"அம்மா, கையெழுத்து?" ஸ்வப்னா ஃப்ரிட்ஜ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"போடறேன். ஆனா அந்த ஃபைலுக்குப் புதுசா ஒரு மொதல் பக்கம் வேணும். என் உடம்பைப் பத்தி நான் எழுதறேன். அதை டாக்டர் கையில கொடுத்து, படிச்சேன்னு அவா ஒரு வார்த்தை எழுதணும். அப்பறம் போடறேன்."

"நீ தமிழ்ல எழுதினா டாக்டர் எப்படிம்மா படிப்பா? எனக்கே படிக்கத் தெரியாதே!"

"அது உன் தப்பு இல்லை, எங்க தப்பு," என்றாள் ருக்கு. "உங்கப்பா இருக்காரே. இங்கிலீஷ்ல மாத்தறது அவர் வேலை." என்னைப் பார்த்தாள், முழுசாகத் திரும்பி. "ஒரு வரி விடப்படாது. கருதப்படுகிறதுன்னு எங்கேயும் வரப்படாது. நான்னு எழுதினா நான்னு இருக்கணும்."

"சரி."

"ஒரு பக்கம் தாண்டினா?"

"தாண்டட்டும்," என்றேன்.

கதவை முக்கால்வாசி சாத்தினாள். நானும் ஸ்வப்னாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேனா ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. முப்பத்தேழு வருஷத்தில் ருக்கு எழுதி நான் பார்த்ததெல்லாம் பால் கணக்கும் பக்க எண்ணும்தான்.

அரை மணி கழித்துக் குரல் வந்தது. "பேப்பர் போறாது. இன்னும் கொண்டாங்கோ."

ஒரு கட்டுக் காகிதத்தோடு போனேன். எழுதி முடித்த முதல் தாளை, தலை நிமிராமல், வலது கையால் என்னிடம் நீட்டினாள்.

"இதை ஆரம்பிங்கோ. அதுக்குள்ள மிச்சத்தை முடிக்கறேன்."

கூடத்து விளக்கடியில் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். சிறுசிறு எழுத்து. மார்ஜின் இல்லை. விளிம்பிலிருந்து விளிம்பு வரை எழுதியிருந்தாள்.

தலைசுற்றல் ஆரம்பித்த மாதத்தை நான் என் குறிப்பில் 2023 ஜூன் என்று போட்டிருந்தேன். ருக்குவின் முதல் வரி 2021 ஏப்ரல் என்று ஆரம்பித்தது.

கொரோனாவின் அந்த ஏப்ரலை டெல்லிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அதில் மூன்று நாள் எனக்கு ஞாபகமே கிடையாது. ஜுரம், மூச்சு, ஆக்சிஜன் எண்பத்து நாலு என்று காட்டிய அந்தச் சின்ன விரல் மெஷின், அதோடு சரி. நாலாவது நாள் கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "கெடைச்சுது," என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

'2021 ஏப்ரல் இருபத்தாறாம் தேதி சாயங்காலம் என் இடது காதில் முதல் தடவையாகச் சத்தம் கேட்டது,' என்று ருக்கு ஆரம்பித்திருந்தாள். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று தாள் முழுக்க எழுதிவிட்டு, அடியில் இப்படி முடித்திருந்தாள்: 'அந்தச் சாயங்காலம் நான் வீட்டில் இல்லை. நான் எங்கே போயிருந்தேன் என்பது என் கணவருக்கு இன்று வரை தெரியாது.'

தாளின் கடைசி வரி அது.

"ருக்கு," என்று கூப்பிட்டேன். உள்ளே பேனா நிற்கவில்லை.

பேனாவைத் திறந்து, 'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தை எழுதினேன். ருக்குவின் தாளை மறுபடி பார்த்தேன். வலது மூலையில், எங்கள் கரோல் பாக் வழக்கப்படி, பென்சிலால் பக்க எண் போட்டிருந்தாள்.

ஒன்று. ஒரு சாய்வுக் கோடு. கோட்டுக்குப் பிறகு மொத்தம் எத்தனை என்று எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.